இருபது பெயரும் ஒரு கையும்

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு மாலை, நாம் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த வேளையில், எமது உயர்தர வகுப்பு மாணவர் இருவர் வீட்டு வாயிலில் வந்து நின்றனர். ஒருவனுடைய முகம் அழுது வீங்கியிருந்தது. மற்றவன் அவனுக்குப் பின்னே பாதி மறைந்து நின்றான்.

அழுதவன் கணினிக்குச் செய்நிரல் எழுதுவதில் வல்லவன். செய்நிரல் எழுதுவோர் தமக்குற்ற ஐயங்களை வினவுவதும், அறிந்தோர் விடையிறுப்பதுமான இணையத்தளமொன்றில் அவன் நான்கு மாதங்களாக விடை எழுதி வந்தான். ஒரு விடை தமக்குப் பயன்பட்டதெனக் கண்டவர்கள் அதற்கு ஒரு வாக்கு அளிப்பர். வாக்குகள் சேரச் சேர, எழுதியவனுடைய பெயருக்கருகே நன்மதிப்புப் புள்ளிகள் ஏறும். "சோதனை வரப்போகுது, என்னத்துக்கு இந்த வேலை?" என்று தாயார் ஏச ஏச, இரவிலே விழித்திருந்து அவன் சிறுகச் சிறுகப் புள்ளிகள் சேர்த்து வந்தான். தொழிலுக்கு விண்ணப்பிக்குங் காலத்தில் அப்பக்கத்தையே ஒரு சான்றிதழாகக் காட்டலாமென்பது அவனுடைய நம்பிக்கை.

தோழனுக்கு இந்த நடை போதவில்லை. அவனும் செய்நிரல் அறிந்தவனே. இருபது கற்பனைப் பெயர்களைப் பதிவு செய்து, அப்பெயர்கள் ஒவ்வொன்றும் தன் நண்பனுடைய விடைகளைத் தேடிச் சென்று வாக்களிக்குமாறு ஒரு செய்நிரலை இயற்றி, ஒரு வெள்ளி இரவு அதனை ஓடவிட்டு நித்திரைக்குப் போனான். சனிக்கிழமை காலையிற் புள்ளிகள் மலையென ஏறியிருந்தன. ஞாயிறு காலையில் அவை யாவும் மறைந்தன. அன்றியும், நண்பனுடைய கணக்கு முப்பது நாட்களுக்கு நிறுத்தப்பட்டதென்று ஓர் அறிவித்தலும் அங்கே கிடந்தது.

"சேர், எனக்கு இது ஒண்டும் தெரியாது," என்றான் அழுதவன்.

மற்றவன் மெல்ல முன்னுக்கு வந்தான். "நான்தான் சேர் செய்தது. ஆனால் அவன் எழுதின விடை சரி. சரியான விடைக்குத்தானே வாக்குப் போட்டனான்? பிழையான விடைக்குப் போடேல்லையே."

இவ்வினா எம்மைச் சற்று நேரம் மௌனமாக்கியது. களவென்று ஒரு சொல்லில் அவனைக் கண்டித்து அனுப்பியிருக்கலாம். ஆயின் அவன் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்லாது கண்டிப்பது ஆசிரியர் தொழிலுக்கு அழகன்று. அன்று அவர்களுடன் இருந்து பேசியவற்றையும், பின்னர் நாம் தேடிப் படித்தவற்றையும் இவ்வாரம் வாசகர் முன் வைக்கின்றோம். வீட்டுக்கு வீடு பிள்ளைகள் கைத்தொலைபேசியும் கையுமாகத் திரிகின்ற இக்காலத்தில் இது பெற்றோரும் அறியவேண்டிய விஷயமே.

ஊரிலே ஒருவரைப்பற்றி அறிவது எளிது. எந்தக் கடையில் நிறை சரியாக இருக்கும், எந்த மேசன் சொன்ன நாளில் வேலையை முடிப்பார் என்பதெல்லாம் பத்துப் பேரைக் கேட்டால் தெரிந்துவிடும். அப்பத்துப் பேரையும் நாம் அறிவோம். யார் யாருக்கு உறவு, யார் யாருடன் கோபம் என்பதையும் அறிவோம். இணையத்திலே முகமறியாதவர் முகமறியாதவருடன் பழகுகின்றனர். 1995இல் தொடங்கிய ஈபே என்னும் ஏலச் சந்தை, மறு ஆண்டிலேயே வாங்கியவரும் விற்றவரும் ஒருவரையொருவர் மதிப்பிட்டு எழுதும் ஏற்பாட்டைச் செய்தது. கேள்வி பதில் தளங்களுட் பெயர்பெற்ற ஸ்டாக் ஓவர்ஃபுளோ 2008இல் வந்தது. அதிலே ஒரு விடைக்கு ஓர் ஆதரவு வாக்கு விழுந்தால் எழுதியவருக்குப் பத்துப் புள்ளிகள். புள்ளிகள் வெறும் அலங்காரமல்ல. அவை ஏற ஏறப் பிறர் எழுதியதைத் திருத்தவும், தகாத வினாக்களை மூடும்படி வாக்களிக்கவும் உரிமை கிடைக்கும். ஆதலால் பொய்ப் புள்ளி பொய் அதிகாரமாகவும் மாறும்.

பொய் வாக்கின் கதையிலே நாம் மிக விரும்பிப் படித்தது 1999ஆம் ஆண்டில் நடந்தது. ஸ்லாஷ்டொட் என்னும் அமெரிக்கத் தளம் அவ்வாண்டு நவம்பரில், கணினி விஞ்ஞானத்தில் மேற்பட்டப் படிப்புக்குச் சிறந்த பல்கலைக்கழகம் எதுவென்று வாசகரிடம் வாக்குக் கேட்டது. ஒருவர் இரு முறை வாக்களியாதபடி, வாக்கு வந்த இணைய முகவரியை அத்தளம் குறித்துக்கொண்டது. தேர்தல் நிலையத்தில் விரலிலே மை பூசுவதை ஒத்த ஏற்பாடு எனலாம். கார்னகி மெலன் பல்கலைக்கழக மாணவர் அந்த மைக்குத் தப்பும் உபாயத்தைக் கண்டுபிடித்து, தம் பல்கலைக்கழகத்துக்கு ஆயிரமாயிரமாக வாக்களிக்கும் செய்நிரலை எழுதினர். மறுநாள் மசாச்சுசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவர் தாமும் ஒன்றை எழுதினர். அதன்பின் நடந்தது மனிதர் வாக்கெடுப்பன்று; இரண்டு செய்நிரல்களின் ஓட்டப்பந்தயம். முடிவில் மசாச்சுசெட்ஸுக்கு 21,156 வாக்குகள். கார்னகி மெலனுக்கு 21,032. ஏனைய பல்கலைக்கழகங்களுள் ஒன்றேனும் ஆயிரத்தை எட்டவில்லை. வென்றவருக்கும் தோற்றவருக்குமிடையே வித்தியாசம் 124 வாக்கு மாத்திரமே. கணினி விஞ்ஞானத்திற் சிறந்த மாணவர் எங்கே இருக்கின்றனர் என்ற வினாவுக்கு ஒருவகையிற் சரியான விடையே கிடைத்தது போலும் என்று நாம் சிரித்துக்கொண்டோம். ஆயினும் உண்மையாகவே அவ்வினாவுக்கு விடை தேடி வந்த ஏதோவொரு பட்டதாரிக்கு அப்பட்டியல் எதனைச் சொல்லியிருக்கும்?

இணைய முகவரியை நம்பியதில் வேறொரு குறையும் உண்டு. ஒரு மாணவர் விடுதி முழுவதும் வெளியுலகுக்கு ஒரே முகவரியாகத் தோன்றலாம். ஒரே மனிதன் பத்து முகவரிகளைப் பெறவும் கூடும். முதலாவதில் நூறு நல்லவரின் வாக்கு இழக்கப்படும். இரண்டாவதிற் கள்ளன் தப்புவான்.

கார்னகி மெலனிலேயே, 2000ஆம் ஆண்டளவில், மனுவேல் புளூம், லூயிஸ் வொன் ஆன் முதலியோர் வாயிலிலே ஒரு புதிரை வைக்கும் வழியை வகுத்தனர். வளைந்து நெளிந்த எழுத்துக்களைத் திரையிலே காட்டி, அவற்றை வாசித்து எழுதும்படி கேட்பது அது. 1997இல் அல்டாவிஸ்டா என்னும் தேடுதளத்தாரும் இதுபோன்றதொன்றைச் செய்திருந்தனர். புளூமும் அவர் கூட்டத்தாரும் இதற்கிட்ட பெயர் கப்சா. இயந்திரம் மனிதனைப்போல உரையாடுமா என்று சோதிக்கும் முறையை 1950இல் எழுதிய அலன் டியூரிங்கின் பெயர் அச்சொல்லினுள்ளே மறைந்திருக்கின்றது. டியூரிங்கின் சோதனையில் மனிதன் நீதிபதி. இங்கோ இயந்திரம் நீதிபதியாக அமர்ந்து, வந்தவன் மனிதனா என்று விசாரிக்கின்றது.

சில ஆண்டுகள் இக்காவல் நன்றாகவே நின்றது. பின்னர் இரு பக்கத்தாலும் உடைந்தது. ஒரு பக்கம் கூலி. ஆயிரம் புதிர்களை அவிழ்ப்பதற்கு ஏறக்குறைய ஒரு டொலர் என்ற விலையில், வறிய நாடுகளில் மனிதரையே இருத்தி அவிழ்ப்பிக்கும் வியாபாரம் எழுந்தது. புதிரோ மனிதனா என்று கேட்கின்றது. விடை சொல்பவனும் மனிதனே. ஆனால் அவன் எதற்காகச் சொல்கிறான் என்று கேட்க அதற்குத் தெரியாது. மறு பக்கம் இயந்திரமே கற்றுக்கொண்டது. மிகக் கடினமான நெளிவெழுத்தையும் நூற்றுக்கு 99.8 வீதம் சரியாகக் கணினி வாசிக்கின்றதென்று 2014இல் கூகுள் நிறுவனமே அறிவித்தது. அதன்பின் பரவிய, வீதி விளக்கையும் துவிச்சக்கரவண்டியையும் படத்திற் பொறுக்கச் சொல்லும் புதிரையும், தம் செய்நிரல் ஒன்றுகூடத் தவறாது அவிழ்த்ததென்று 2024இற் சூரிச் நகர ஆய்வாளர் காட்டினர்.

இங்கே ஒரு துயரத்தையும் சொல்லாமற் போக எமக்கு மனமில்லை. எம்மிடம் படித்த மாணவி ஒருவர் பிறவியிலேயே பார்வையற்றவர். திரையில் உள்ளதை வாசித்து ஒலிக்கும் செய்நிரலின் துணையோடு அவர் கணினியை நம்மைவிட வேகமாகக் கையாளுவார். ஒருமுறை ஒரு தளத்தில் தம் பெயரைப் பதிவு செய்ய முயன்றபோது, படத்தில் வீதி விளக்குகளைக் காட்டுமாறு அது கேட்டது. ஒலி வடிவப் புதிரும் இருந்ததாம். இரைச்சலுக்குள்ளே அந்நிய உச்சரிப்பில் வந்த இலக்கங்கள் அவருக்குப் பிடிபடவில்லை. "நான் மனிசிதான் எண்டு அதுக்கு எப்பிடிச் சொல்லுறது, சேர்?" என்று தொலைபேசியிற் கேட்டுச் சிரித்தார். எம்மாற் சிரிக்க முடியவில்லை. கள்ளனைத் தடுக்க வைத்த கதவு கள்ளனுக்குத் திறந்தும் இவருக்கு மூடியும் இருக்குமாயின், அக்கதவை வைத்தவர் மீண்டும் யோசிக்கவேண்டும்.

வாயிலிலே ஆளடையாள அட்டை கேட்டால் என்ன என்று வாசகர் சிலர் நினைப்பர். பொய்ப் பெயர்களைப்பற்றி மைக்ரோசொஃப்ட் ஆய்வாளர் ஜோன் டூசர் 2002இல் ஒரு கட்டுரை எழுதினார். இன்னார் இன்னாரென்று உறுதிசெய்யும் பொது அதிகாரி ஒருவர் இல்லாதவிடத்து, ஒருவன் பலராக வேடமிடுவதை முற்றாகத் தடுத்தல் நடைமுறையில் இயலாது என்பது அதன் சாரம். அங்ஙனமாயின் அதிகாரியை வைத்துவிடுவோம் என்று தோன்றுவது இயல்பே. எமக்கு அதில் உடன்பாடில்லை. தம் நோயைப்பற்றியோ, தாம் பட்ட அவமானத்தைப்பற்றியோ கேட்க விரும்பும் ஒருவர் தம் உண்மைப் பெயரைக் கொடுத்துக் கேட்பாரா? தமிழ்ப் பத்திரிகைகளிலே புனைபெயரில் எழுதிப் புகழ் பெற்றோர் எத்தனை பேர்! புனைபெயர் குற்றமன்று. ஒருவர் ஒரு பெயரை நெடுநாட் பேணி, அப்பெயருக்கு வரும் புகழையும் பழியையும் தாமே ஏற்பாராயின் அதுவே போதும். ஒரே கைக்கு இருபது பெயர் இருப்பதே சங்கடம்.

ஆகவே வாயிற் காவலை மாத்திரம் நம்பாது, வாக்குரிமையை உழைத்துப் பெறச் செய்தலே மேலென்பது எமது அபிப்பிராயம். ஸ்டாக் ஓவர்ஃபுளோவில் ஆதரவு வாக்கு அளிக்கவே பதினைந்து புள்ளிகளும், எதிர்வாக்கு அளிக்க 125 புள்ளிகளும் வேண்டுமென்று விதித்தனர். பதினைந்து புள்ளி நல்லவனுக்கு ஒரு மாலை வேலை. இருபது பொய்ப் பெயர்களுக்கும் அப்படிச் சேர்ப்பதானால் இருபது மாலைகள் உண்மையாக உழைக்கவேண்டும். அவ்வளவு உழைப்பவன் பொய்க்கு ஏன் போகிறான்? எமது மாணவன் எழுதிய தளத்தில் இவ்வொரு விதி இருந்திருப்பின், அந்த வெள்ளி இரவு ஒன்றும் நடந்திராது. ஸ்லாஷ்டொட் தளத்தார் வகுத்த முறை வேறு. நெடுநாள் வாசகருட் சிலரை அவ்வப்போது தெரிந்து, ஐந்து மதிப்பீட்டுப் புள்ளிகளைக் கையிற் கொடுத்தனர். மூன்று நாட்களுள் அவற்றைச் செலவிடவேண்டும்; தாம் பேசிய விவாதத்திலே தாமே மதிப்பிடக் கூடாது; மதிப்பிட்டவர் நீதியாக மதிப்பிட்டாரா என்று வேறு வாசகர் பரிசோதிப்பர். தன் முறை எப்போது வருமென்று அறியாதவனைக் காசு கொடுத்து வாங்குவதும் கடினம்.

இவற்றையுந் தாண்டி வருபவரைப் பின்னர் கணக்குப் பார்த்துப் பிடிக்கின்றனர். இது ஆசிரியராகிய எமக்குப் பழகிய வேலை. இரு விடைத்தாள்களில் ஒரே சரியான விடை இருந்தால் நாம் ஐயுறுவதில்லை. ஒரே பிழை, ஒரே வரியில், ஒரே வெட்டுக் குத்துடன் இருந்தால் நிமிர்ந்து உட்காருவோம். வாக்குகளும் அவ்வாறே. அந்த இருபது பெயர்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். இருபதும் ஒரே மாலையிற் பிறந்தவை. ஒன்றேனும் ஒரு வினாவைக் கேட்டதில்லை. ஒரு விடையைத் திறந்து வாசித்ததில்லை. உலகத்திலுள்ள இலட்சக்கணக்கான விடைகளுள் ஒரே பையனுடைய விடைகளையே அவை விரும்பின. கடிகாரம் அடிப்பதுபோல ஒரே இடைவெளியில் வாக்களித்தன. மனிதர் அப்படி வாக்களியார். ஒருவர் தேநீர் குடிக்க எழுந்து போவார். ஒருவர் வாசித்துவிட்டு வாக்களிக்க மறப்பார். ஒருவருக்கு விடை பிடிக்காது. தோழன் தன் செய்நிரலுக்கு உழைப்பைக் கற்பித்தான். சோம்பலைக் கற்பிக்க மறந்துவிட்டான் என்று நாம் சொன்னபோது, அழுதவனே சிரித்துவிட்டான்.

அவன் அடுத்த முறை சோம்பலையும் சேர்த்து எழுதக்கூடும் என்பது உண்மை. ஆதலினாலேயே எவ்வாறு கண்டுபிடிக்கின்றோம் என்பதைத் தளத்தார் முழுமையாக வெளியிடுவதில்லை. ரெடிட் என்னுந் தளம் வாக்குத் தொகையைச் சற்றே கூட்டியும் குறைத்தும் காட்டும் வழக்கத்தைக் கைக்கொண்டது. தான் இட்ட பொய் வாக்கு எண்ணப்பட்டதா, தள்ளப்பட்டதா என்று கள்ளன் அறியமாட்டாமல் மயங்குவான். சாமர்த்தியமான ஏற்பாடே. எனினும் இரகசியச் சட்டத்தில் எமக்கு முழு நிம்மதி இல்லை. எமது மாணவன் தான் அறியாத குற்றத்துக்கு முப்பது நாள் தண்டிக்கப்பட்டான். ஐயுறும் வேலையை இயந்திரத்துக்கு விடலாம். பொய் வாக்குகளை அது உடனே கழித்துவிடவும் செய்யலாம். ஓர் ஆளைத் தண்டிப்பதற்கு முன் ஒரு மனிதர் அவனுடைய சொல்லைக் கேட்கவேண்டும். ஒருவனுக்கு வேண்டாதவர் அவனை மாட்டிவிடும் பொருட்டே அவனுக்குப் பொய் வாக்குக் குவிக்கவும் கூடுமன்றோ?

இனி, தோழன் கேட்ட வினாவுக்கு வருவோம். விடை சரியானதாயின் பொய் வாக்கால் யாருக்கு நட்டம்?

வாக்கை அவன் ஒரு பரிசாக எண்ணினான். தகுதியுள்ளவனுக்குப் பரிசு கொடுத்தலிற் பிழையென்ன என்பது அவன் நினைப்பு. ஆனால் அவ்வாக்கு எழுதியவனுக்காக மாத்திரம் அளிக்கப்படுவதன்று. நள்ளிரவிலே எங்கோ ஓரிடத்தில் தன் கணினி இயங்காது தவிக்கும் ஒருவன், அவ்விடையைப் பார்த்து, 'இதனை இருபது பேர் செய்து பார்த்திருக்கின்றனர். வேலை செய்திருக்கின்றது' என்று நம்புகிறான். வாக்கு அவனுக்குச் சொல்லப்பட்ட சாட்சி. இருபது பேரும் இல்லாதவர்களாயின், விடை சரியாயிருந்தாலும் சாட்சி பொய்யே. வழக்கில் எமது பக்கம் நியாயம் இருக்கின்றதென்பதற்காகக் காணாத ஒன்றைக் கண்டதாகச் சாட்சி சொல்ல ஆள் பிடிக்கலாமா என்று அவனைக் கேட்டோம். அவன் தலை குனிந்தான்.

பொய்ச் சாட்சி உண்மைச் சாட்சியையும் கெடுக்கும் என்பதற்கு ஒரு பரிசோதனை உண்டு. முச்னிக், அரல், டெய்லர் என்னும் மூவர், ஐந்து மாதங்களாக ஒரு செய்தித் தளத்தில் வாசகர் எழுதிய 101,281 கருத்துரைகளை எடுத்து, சிலவற்றுக்கு எழுந்தமானமாக ஓர் ஆதரவு வாக்கைத் தாமே இட்டனர்; சிலவற்றுக்கு எதிர்வாக்கு; பெரும்பாலானவற்றை ஒன்றுஞ் செய்யாது விட்டனர். 2013இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் அதன் முடிவு வெளிவந்தது. பொய்யாக இடப்பட்ட அந்த ஒரேயொரு ஆதரவு வாக்கைக் கண்டவர், தாமும் ஆதரவளிக்கும் வாய்ப்பு 32 வீதம் கூடியது. இறுதி மதிப்பு சராசரியாக 25 வீதம் உயர்ந்தது. எதிர்வாக்கு இட்டவற்றையோ வாசகர் திருத்திச் சமன் செய்துவிட்டனர். பழியை ஆராய்ந்து பார்க்கும் மனிதர் புகழை ஆராய்வதில்லை என்று இதிலிருந்து நமக்குத் தோன்றுகின்றது. ஒரு வாக்கே இவ்வளவு செய்யுமானால், இருபதுக்குப் பின் வந்த உண்மை வாக்குகளுள் எவை உண்மை? தன் நண்பன் நான்கு மாதமாகச் சேர்த்த நேர்மையான வாக்குகளின்மீதும் அவ்வொரு இரவு நிழல் விழுந்ததென்பதைத் தோழன் அப்போதுதான் உணர்ந்தான் எனலாம்.

அன்றிரவே இருவரும் எமது மேசையிலிருந்து தளத்தின் பொறுப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதினர். ஆங்கிலத்தை மாத்திரம் நாம் திருத்தினோம். இருபது பெயர்களையும் தோழன் தானே ஒவ்வொன்றாக எழுதி, அவற்றை நீக்கிவிடும்படியும், நண்பனுக்கு இதிற் பங்கில்லை என்றும் கேட்டிருந்தான். பன்னிரண்டு நாட்களின் பின் மறுமொழி வந்தது. இருபது பெயர்களும் அழிக்கப்பட்டன, தடை நீக்கப்பட்டது, நேர்மையாக வந்த புள்ளிகள் திருப்பிக் கொடுக்கப்பட்டன. மறுமொழியின் கீழே ஒரு மனிதரின் பெயர் இருந்தது. அது புனைபெயர்தான்.

சென்ற வெள்ளிக்கிழமை பாடசாலை விட்ட பின்னர், பையன் எம்மிடம் ஓடிவந்தான். தடை நீங்கிய பின் எழுதிய முதல் விடைக்கு ஒரு வாக்கு விழுந்திருக்கின்றதாம். தோழனைத் திரும்பிப் பார்த்தோம்.

"நான் இல்லை, சேர்!" என்றான் அவன், இரு கைகளையும் உயர்த்தி.